அளக்காமல் தைத்த சட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில், மருதனார்மடம் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் இது நடந்தது. அந்த முன்னறைதான் என்னுடைய தையல் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் சாறிச் சட்டை, அதாவது ரவிக்கை, தைக்க வேண்டுமென்றால் புத்தூரிலிருந்துகூடப் பெண்கள் தேடி வருவார்கள். இதைச் சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். உண்டுதான். இருபத்திரண்டு வருடமாக மெசின் மிதிக்கிறேன். தோளில் சுருக்கம் விழுகிற சட்டை என் கையால் வெளியே போனதில்லை என்று அன்றுவரை பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

தைக்கக் கொடுப்பவர்கள் அனேகமாகத் தங்களுக்கு அளவான பழைய சட்டை ஒன்றையும் கொண்டுவந்து தருவார்கள். அளவுச் சட்டை என்று சொல்வோம். அதை விரித்து வைத்து அப்படியே வெட்டிவிடலாம், வேலை சுலபம். முதன்முதலாகச் சாறி உடுக்கப்போகிற பிள்ளைகளிடம் மட்டும் அது இருக்காது. பள்ளிக்கூடப் பிரியாவிடைக்கோ சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கோ என்று தாயோடு வந்து நிற்பார்கள். அவர்களை நானே நாடா பிடித்து அளப்பேன். "கையைத் தூக்கும். மூச்சை உள்ளுக்கு இழுக்காதையும், பிறகு கலியாண வீட்டிலை சாப்பிடேலாது" என்று பகிடி விடுவேன். அதுகள் கூச்சத்தில் நெளியும், நாடா கமக்கட்டில் பட்டதும் சிரிக்கும். அந்த முதல் சட்டையைத் தைப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம். எல்லாருடைய அளவையும் ஒரு கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று மத்தியானம், சோளகக் காற்று புழுதியை அள்ளிக் கொண்டுவந்து துணியில் கொட்டுகிறது என்று யன்னலைச் சாத்திவிட்டு இருந்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டது. சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்ட ஒருவர், கையில் ஒரு பை. தலைமயிர் கழுத்துக்கு மேலே ரப்பரால் கட்டியிருந்தது. கண்ணில் மெல்லிய மை. எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. இப்போது அவள் என்றுதான் எழுதுகிறேன். அன்று என் மனதில் வந்த சொல் அது இல்லை.

"அக்கா, ஒரு சாறிச் சட்டை தைக்கோணும். தைப்பியளோ?"

"ஆருக்கு?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"எனக்குத்தான் அக்கா."

பையிலிருந்து சாறியை எடுத்து என் மேசையில் வைத்தாள். கத்தரிப்பூ நிறம், மெல்லிய வெள்ளிக் கரை. நல்ல தெரிவு. சட்டைக்கென்று அதே நிறத்தில் துணியும் வாங்கி, நனைத்து உலர்த்தி, மடித்துக் கொண்டு வந்திருந்தாள். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைக்க வேண்டும் என்று என்னிடம் தைக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை.

அவளே சொன்னாள். வீடு அரியாலை. வேலை யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடையில், சாமான்கள் அடுக்குவது. வீட்டில் தெரியுமா என்று கேட்டதற்கு, "தெரியும் அக்கா. ஆனால் தெரியாத மாதிரி இருக்கினம்" என்றாள். வருகிற சனிக்கிழமை ரவுணில் அவர்களுடைய ஆட்கள் ஊர்வலமாக நடக்கிறார்களாம். நானும் கேள்விப்பட்டிருந்தேன். திருநங்கைகள், திருநம்பிகள், தங்கள் பாலைச் சேர்ந்தவர்களையே விரும்புகிறவர்கள், அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வானவில் கொடியோடு ஆனி மாதத்தில் நடப்பார்கள். ஊரில் ஒரு வாரத்துக்கு அதைப் பற்றித்தான் கதை. யாழ்ப்பாணத்தின் மானம் கப்பலேறிவிட்டது என்று முகநூலில் எழுதித் தள்ளுவார்கள். அவர்களில் யாரும் என் கடையில் வந்து நிற்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

"கொழும்பிலை ரெண்டு தரம் உடுத்திருக்கிறன் அக்கா. ஆரின்ரையோ சட்டையை வாங்கி ஊசி குத்திக்கொண்டு. எங்கடை ஊரிலை, பகலிலை, என்ரை சொந்தச் சட்டையோடை ஒருக்கா நடக்கோணும்." அவ்வளவுதான் அவளுடைய ஆசை. வேறு இரண்டு இடங்களில் கேட்டு, இல்லை என்று சொன்ன பிறகுதான் என்னிடம் வந்திருந்தாள். ஒரு கலியாண வீட்டில் நான் தைத்த சட்டை ஒன்றைப் பார்த்தாளாம். கழுத்து விளிம்பைப் பார்த்து, தைத்தது யார் என்று விசாரித்தே வந்திருந்தாள்.

புகழ்ச்சிக்கு நான் எப்போதும் மயங்குகிறவள். சரி என்றுவிட்டேன். ஆனால் கையை நாடாவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவளைத் தொட்டு அளக்க வேண்டும், யாராவது படலைக்குள் வந்தால் பார்ப்பார்கள், அதைவிட எனக்கே என்னவோ போல் இருந்தது. உள்ளதைச் சொன்னால் அருவருப்பு.

"அளவுச் சட்டை இல்லாமல் நான் தைக்கிறேல்லை" என்றேன்.

பச்சைப் பொய். மெசினுக்குப் பக்கத்தில் அளவுக் கொப்பி விரித்தபடி கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "என்னட்டை இல்லை அக்கா. நாளைக்கு ஆரிட்டையும் வாங்கிக்கொண்டு வாறன்" என்று போனாள்.

மறுநாள் சிநேகிதி ஒருத்தியின் சட்டையோடு வந்தாள். அந்தச் சிநேகிதியும் அவளைப் போல ஒரு திருநங்கைதான். "அவ என்னிலும் மெலிவு அக்கா. தோளும் கையும் கொஞ்சம் கூடப் பிடிச்சுத் தையுங்கோ" என்றாள். தலையாட்டினேன். எவ்வளவு கூட என்று அளந்தால்தானே தெரியும்? அவள் முன்னால்தான் நின்றாள், நாடா என் கழுத்தில்தான் தொங்கியது. சட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். அதை விரித்து வைத்து, ஒரு நூல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் வெட்டினேன். என் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, கழுத்து விளிம்பை மட்டும் எந்தக் கலியாணப் பொம்பிளைக்கும் செய்யாத அளவுக்கு நுணுக்கமாகத் தைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். போட்டுப் பார்க்க என் கடையில் ஒரு மூலையில் சீலை கட்டி வைத்திருக்கிறேன். அதற்குள் போகச் சொல்லவில்லை. வீட்டில் போட்டுப் பாருங்கள், சரிவராவிட்டால் கொண்டு வாருங்கள் என்று பையில் போட்டுக் கொடுத்தேன். அளவுச் சட்டையும் அதே பைக்குள்தான் இருந்தது.

பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது நான் தனியாக இல்லை. பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர், மகளின் கலியாணத்துக்கு ஐந்து சட்டை தைக்கத் தந்தவர், கதிரையில் இருந்து துணி பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் ஒரு சொல் சொன்னால் என்னிடம் பத்துப் பேர் வருவார்கள், இன்னொரு சொல் சொன்னால் பத்துப் பேர் போய்விடுவார்கள். அவள் வாசலில் வந்து நின்று, "அக்கா, கை உள்ளுக்குப் போகேல்லை. தோளோடை நிக்குது. கொஞ்சம் பிரிச்சு விடுவியளோ? நாளைக்கு விடியப் போகோணும்" என்றாள். சைக்கிளில் வேகமாக வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

ரீச்சர் அவளை உச்சி முதல் கால்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உதுகளுக்கும் தைக்கிறனீங்களோ?"

அரை மணித்தியால வேலை. எல்லாச் சட்டைக்கும் போல உள்ளே பிரிக்கத் துணி விட்டுத்தான் தைத்திருந்தேன். அவளைச் சீலைக்குப் பின்னால் நிறுத்தி, தோளை அளந்து, இரண்டு தையலைப் பிரித்து மீண்டும் ஓட்டினால் முடிந்தது. நான் சொன்னது இதுதான்.

"இல்லை ரீச்சர். ஆரோ வீடு மாறி வந்திட்டினம்." பிறகு அவளிடம் திரும்பி, "தம்பி, உது இஞ்சை தைச்சதில்லை. வேறை எங்கையும் கேட்டுப் பாரும்" என்றேன்.

அவள் சண்டை பிடித்திருக்கலாம். கழுத்து விளிம்பை ரீச்சரிடம் தூக்கிக் காட்டியிருந்தாலே போதும். ஊரில் அப்படித் தைப்பது நான் ஒருத்திதான். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்றைக்கு லேசாக இருந்திருக்கும். பாவம், இந்த அக்கா மாட்டுப்பட்டுவிட்டாள் என்பது போலப் பார்த்தாள்.

"ஓம் அக்கா. வீடு மாறிட்டன்" என்றாள். பையை வாசல் கதிரையில் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

ரீச்சர் போனதும் சட்டையை எடுத்து மடியில் வைத்தேன். தையலைப் பிரிக்க ஊசியை எடுத்தேன். ஆனால் எவ்வளவு பிரிப்பது? கால் அங்குலமா, முக்கால் அங்குலமா? மூன்று நாள் என் முன்னால் வந்து நின்றவளின் தோள் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய தொலைபேசி இலக்கத்தைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி ரவுணுக்குப் போனேன். லைனிங் துணியும் கொக்கியும் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சட்டையும் நூலும் ஊசியும் கத்தரிக்கோலும் பைக்குள் இருந்தன. அவளைக் கண்டால் எங்காவது ஒரு மறைவில் நிறுத்தி, கையாலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பஸ் நிலையத்துக்கு முன்னால் இறங்கியபோது அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நிறைய ஆட்கள் இல்லை. நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்று எழுதிய மட்டைகள், கொடிகள். பலர் முகத்தைத் துணியால் பாதி மூடியிருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் சனம் நின்று பார்த்தது. கைகளில் போன்.

நடுவில் அவள். கத்தரிப்பூச் சாறி, மடிப்புக் கலையாமல் அவ்வளவு அழகாக உடுத்திருந்தாள். சட்டைதான் இல்லை. ஆம்பிளைச் சேட் ஒன்றைக் கழுத்துவரை பொத்தான் பூட்டி, கையை முழங்கைவரை மடித்துவிட்டு, அதற்கு மேலே சாறி. கொண்டையில் பூ. முகத்தை மூடவில்லை.

"சேட்டுக்கு மேலை சாறியோ!" என்று ஒருவன் கத்தினான். சனம் சிரித்தது. அத்தனை பேர் நடந்தார்கள், போன்களெல்லாம் அவள் பக்கம்தான் திரும்பின. காற்றுக்குச் சாறித் தலைப்பு தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. சேட்டில் அது எப்படி நிற்கும்? அவள் ஒரு கையால் அதைப் பிடித்தபடி நடந்தாள்.

நான் ரோட்டைக் கடந்திருக்க வேண்டும். பத்து அடிதான். என் கையில் ஊசி இருந்தது, நூல் இருந்தது, அவளுடைய சட்டையே இருந்தது. நான் கடக்கவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் நிற்கிறார்களா என்றுதான் கண் தேடியது.

அப்போது கச்சான் கடலை விற்கிற அம்மா ஒருவர் தன் வண்டிலை விட்டுவிட்டு நடுரோட்டுக்குப் போனார். "நில்லு பிள்ளை, தலைப்பு வழியுது" என்று சொல்லிக்கொண்டே தன் கழுத்துச் சங்கிலியில் கொழுவியிருந்த சேப்டிப் பின் ஒன்றைக் கழற்றினார். அவளுடைய தோளை ஒரு கையால் பிடித்து, தலைப்பைச் சேர்த்து மடித்து, சேட்டோடு குத்திவிட்டார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "இனி நடவுங்கோ" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டிலுக்குத் திரும்பி வந்து கடலை வறுக்கத் தொடங்கினார். முழுவதும் ஒரு நிமிடம் இருக்காது. நான் அளக்க மறுத்த தோள் அது.

அவள் என்னைக் கண்டாளா தெரியாது. நான் பக்கத்துக் கடைக்குள் ஏறி, வேண்டாத ஒரு பெட்டி கொக்கி வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அன்று பின்னேரமே வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ரீச்சர் துணி வாங்க வந்தபோது போனை நீட்டி, "உவர்தானே அண்டைக்கு இஞ்சை வந்து நிண்டவர்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் சிரித்தேன் என்பதுதான் உண்மை. பிறகு பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவள் வருவாள், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு அளந்து தைத்துக் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அவள் வரவில்லை.

அடுத்த வருடம் ஆனியில் ஒருத்தி வந்தாள். மெலிந்த உடம்பு, நீலச் சல்வார். "அக்கா, போன வருசம் என்ரை சட்டை ஒண்டு அளவுக்குத் தந்தது. அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தனான்" என்றாள். கையில் இருந்த பையிலிருந்து கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்தது.

"அவ எங்கை?" என்று கேட்டேன்.

கதிரையில் இருக்கச் சொன்னேன், சிநேகிதியின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அந்த வீடியோ கட்டாரில் இருக்கும் அவளுடைய அண்ணனுக்குப் போய்விட்டது. "முகம் மூடினவையை ஒருத்தருக்கும் தெரியேல்லை அக்கா. மற்றவையும் கூட்டத்தோடை கூட்டமாப் போச்சினம். இவவைத்தான் சேட்டும் சாறியும் எண்டு எல்லாரும் பகிடிக்கு அனுப்பினவை." தங்கைக்குப் பேசிய சம்பந்தம் குழம்பியது. தாய் சாப்பிடாமல் கிடந்தார். யார் ஏசியும் அடித்தும் அசையாதவள், தாய் மூன்று நாள் சாப்பிடாததற்கு மசிந்துவிட்டாள். தலைமயிரை வெட்டினார்கள். இரண்டு மாதத்தில் அண்ணன் அவளைக் கட்டாருக்கே எடுத்துவிட்டார். எட்டு ஆம்பிளைகளோடு ஒரு அறை, கட்டட வேலை. "போன் எடுத்தால் இஞ்சை கதைக்கேலாது எண்டு வைச்சிடுவா. இப்ப அந்த நம்பரும் வேலை செய்யிறேல்லை. போகேக்கை சாறியை என்னட்டைத் தந்தவ. இனி எனக்கு உது தேவைப்படாது, ஆனிக்கு நீ உடுத்துக்கொண்டு நட எண்டு."

அலுமாரியைத் திறந்து பையை எடுத்தேன். வந்தவளுடைய பழைய சட்டையைக் கொடுத்தேன். அதோடு கத்தரிப்பூச் சட்டையையும் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னேன். சீலைக்குப் பின்னால் போனாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுவை இல்லை. தோள் அப்படியே பொருந்தி நின்றது.

"என்னை அளந்து தைச்ச மாதிரி இருக்கு அக்கா!"

அவளுடைய சட்டையை வைத்துத்தானே தைத்தேன். சட்டை கேட்டு வந்தவளுக்கு நான் சட்டை தைக்கவே இல்லை. மெசினில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அளவுச் சட்டைப் பொய்யிலிருந்து கொக்கிப் பெட்டி வரைக்கும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் போட்டிருந்த சட்டையின் கழுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்களுக்கு அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா" என்றாள். "தைக்கிற அக்காவுக்கு நல்ல காய்ச்சல், பாவம், முடிக்கேலாமல் போட்டுது எண்டுதான் சொன்னவ."

ரீச்சருக்கு முன்னால் மட்டும் இல்லை, தன் சிநேகிதிகளுக்கு முன்னாலும் அவள் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளுடைய மானத்தை நான் ரோட்டில் விட்ட அன்று.

அந்த வருடம் நானும் போனேன். கொடி பிடிக்கவில்லை, கோசம் போடவில்லை. பைக்குள் நூலும் ஊசியும் ஒரு கட்டுச் சேப்டிப் பின்னும் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். கத்தரிப்பூச் சாறி முன்னால் போனது. என்னை அடையாளம் கண்டவர்கள் இருந்தார்கள். ரீச்சர் தன் வீட்டுத் துணிகளை வேறு இடத்தில் கொடுக்கத் தொடங்கினார், இன்னும் சிலரும் வராமல் நின்றுபோனார்கள். அரியாலையிலிருந்தும் குருநகரிலிருந்தும் புதிதாக அவளைப் போன்ற சிலர் வருகிறார்கள். யாரிடமும் நான் இப்போது அளவுச் சட்டை கேட்பதில்லை. "கையைத் தூக்கும் பிள்ளை, மூச்சை இழுக்காதையும்" என்று நாடாவை எடுக்கிறேன். அதுகளும் நெளிகின்றன, கமக்கட்டில் பட்டதும் சிரிக்கின்றன. இதற்குத்தானா அவ்வளவு பயந்தேன் என்று இருக்கிறது.

என் அளவுக் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. மேலே கத்தரிப்பூச் சாறி என்று எழுதியிருக்கிறேன். தோள், கை நீளம், மார்புச் சுற்று என்று வரிசையாகக் கீழே எழுதி, எதிரே இலக்கம் போடாமல் விட்டிருக்கிறேன். கட்டாரிலிருந்து அவள் என்றைக்கு வருவாள், வந்தால் என் படலையைத் திறப்பாளா என்று தெரியாது. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்வரை, நான் நல்ல தையல்காரி என்று யார் சொன்னாலும் எனக்குத் தலை குனிந்துதான் போகிறது.